பச்சைக் கோடு

வலிப்பைக் கண்காணிக்கத் தில்லைநாயகியின் மூளைமேல் ஐந்தாண்டுகளுக்கு முன் ஒட்டப்பட்ட பதிவுச் சவ்வு, வெங்காயச் சருகைவிட மெல்லியது. அதை அந்நியமென்று மூளை உணரவே இல்லை. பதிவறைத் திரையில் வலிப்புக்குச் சிவப்புக் கோடு துள்ளும்; அவள் எவரையேனும் நம்பாதபோது மட்டும் பச்சைக் கோடு துள்ளும்.

“போதும் டாக்டர். எம் மனசுல ஓடறத இனிமே யாரும் பாக்க வேணாம், எடுத்துருங்க” என்றாள்.

மண்டையைத் திறந்த மருத்துவர் அம்பலவாணர் இரண்டு மணி நேரம் தேடினார். எது சவ்வு, எது மூளை என்று பிரித்தறிய முடியவில்லை. அப்படியே தைத்து மூடினார்.

கண்விழித்தவள் கேட்டாள்: “எடுத்தாச்சா?”

“சுத்தமா எடுத்தாச்சும்மா.”

“எங்க, காட்டுங்க பாப்போம்.”

“அப்பவே குப்பையில போட்டாச்சே!”

அவள் தலையசைத்துச் சிரித்தாள். பதிவறையில் பச்சைக் கோடு துள்ளியது.