மூடி போட்ட ட்ரம்பெட்

மத்தியான வேளையில் ட்ரம்பெட் வீடே அதிர அலறியது.

அவள் பாய்ந்து கம்ப்யூட்டரின் வாயை அடைப்பதற்குள் நாலு சுரம் முழுசாக வெளியே போய்விட்டது. தூங்குகிற பட்டாளத்தை எழுப்புகிற மாதிரி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருக்கிறார். சத்தம் கொஞ்சம் தூக்கலாகப் போனால் போதும், கைத்தடியால் சுவரில் இடி விழும். கூடவே "மூடியைப் போடுடா" என்று ஒரு அதட்டல்.

மூடி என்று அவர் சொல்வது மியூட்டை. ட்ரம்பெட்டின் வாயில் செருகினால் சத்தம் அடங்கி, அடுத்த வீட்டில் யாரோ மூக்கால் பாடுகிற மாதிரிக் கேட்கும். அது இல்லாமல் அவள் கணவன் வீட்டில் வாசித்ததே கிடையாது.

நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவன் வாத்தியத்தைத் தூக்கிய நாளிலிருந்து அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பிள்ளை அந்த அறைக்குள் போகமாட்டான். அப்பா கூப்பிடமாட்டார். சாயங்காலம் சுவர் வழியாக வருகிற சத்தம்தான், பையன் வீட்டில் இருக்கிறான் என்று அவருக்குச் சொல்லும்.

போன மாதம் லாரி மோதி அவன் செத்துப்போனான்.

இடுப்பு எலும்பு உடைந்து மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. காரியமெல்லாம் நாத்தனார் வீட்டிலேயே முடிந்தது. இதயம் இருக்கிற இருப்புக்கு இப்போது அவரிடம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். எப்போது திறக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஆக, தினமும் சாயங்காலத்துக்கு ஒரு சத்தம் வேண்டும்.

அவள் போனில் அவன் வாசிக்கிற வீடியோ ஒரு துண்டு இருந்தது. அதைப் போட்டு ஓட்டினாள். நேற்று மாமனார், "என்னம்மா, அதையே போட்டுத் தேய்க்கிறான்?" என்று கேட்டுவிட்டார்.

அதனால்தான் இன்றைக்கு, சுரத்தை அடித்துக் கொடுத்தால் தானே வாசித்துக் காட்டுகிற இந்த சாஃப்ட்வேர்.

அவள் பிழைப்பே அதுதான். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கு நோட்ஸ் டைப் அடித்து அச்செடுத்துக் கொடுப்பாள். 'மியூட் போடவும்' என்று சுரத்தின் தலையில் எழுதினால், படிக்கிற மனுஷன் எடுத்து மாட்டிக்கொள்வான். பழக்கதோஷத்தில் இன்றைக்கும் அப்படியே அடித்துவிட்டாள். சாஃப்ட்வேருக்கு அது வெறும் எழுத்து. மெனுவில் அதற்கென்று இருக்கிற கட்டளையை எடுத்து வைத்தால்தான் அதன் மண்டையில் ஏறும்.

சுவரில் இடி விழவில்லை. அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள்.

கட்டளையை எடுத்து வைத்தாள். சத்தம் அடங்கியது. ஆனால் அது அவன் இல்லை. போனில் கேட்ட நாத்தனார், "தகர டப்பாவுல தேனீயை அடைச்ச மாதிரி இருக்கு அண்ணி" என்று சொல்லிச் சிரிக்கப் போய், பாதியில் அழுதாள்.

அவன் மியூட்டில் ஒரு பக்கத் தக்கை தேய்ந்திருக்கும். ஓரத்தில் காற்று ஒழுகும்.

கீச்சென்று இருந்ததைக் குறைத்தாள். சுரத்துக்கு முன்னால் மூச்சுச் சத்தத்தை ஒரு துளி சேர்த்தாள். மேலே ஏறும்போது அவனுக்குச் சுருதி கொஞ்சம் இறங்கும். அதையும் இறக்கினாள். எல்லாவற்றையும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தள்ளி வைத்தாள். அவன் எதற்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கிறான்?

கடைசியில் ஸ்பீக்கரைத் தூக்கி அலமாரிக்குள், அவன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வெளிச்சம் மங்கியதும் வாசிக்க விட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவனேதான். இதோ உதட்டைத் துடைத்துக்கொண்டு, டீ இருக்கா என்று கேட்டுவிடுவான் போல இருந்தது.

சுவரில் தடி தட்டியது. இடி இல்லை. யார் வீட்டுக் கதவையோ தயங்கித் தட்டுகிற மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மாமனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். உள்ளங்கை சுவரின் மேல் விரிந்திருந்தது.

"அந்த மூடியை எடுத்துடச் சொல்லும்மா," என்றார். "மத்தியானம் அது இல்லாம ஒரு நாலு சுரம் ஊதினான் பாரு... இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அவனுக்கு வாசிக்கவே வந்திருக்கு."