கையில் இருக்கும் வரை

கிண்ணத்தை என் ஓரகத்தி இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தாள். நான் இரண்டு மேசை தள்ளி, விற்பனைக்கு நின்ற ஒரு பீரோவின் பின்னால் நின்றிருந்தேன்.

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. முட்டிவலி, வரவில்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தேன்.

பழைய சாமான் சந்தையில் கண்ணாடிப் பாத்திரங்கள் சேகரிப்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொருவர் விலைகூடக் கேட்கக் கூடாது. கீழே வைத்துவிட்டால் யார் எடுக்கிறார்களோ அவர்களுடையது. அதற்குப் பிறகு அழுது புரண்டாலும் நடக்காது.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் பதினோரு வருடங்களுக்கு முன் அவள் என் கண்ணாடிக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே பால்வெள்ளை, உள்ளே ரோஜா நிறம், விளிம்பெல்லாம் பாவாடை ஓரம்போலச் சுருக்கம். சந்தை நடக்கும் இதே மண்டபத்தில் நான் கண்டெடுத்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். என் கணவர் வேலை செய்யும் இடத்தில் விழுந்துவிட்டார் என்றார்கள்.

நான் ஓடினேன். பின்னாலேயே வருகிறேன் என்றாள் ஓரகத்தி.

வந்தாள். அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். மருத்துவமனையில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவள் அக்குளில் இருந்த செய்தித்தாள் பொட்டலம் என் விலாவில் குத்தியது.

கூடை இப்போது அவள் வீட்டு ஹாலில், தனி விளக்குக்குக் கீழே. போகும்போதெல்லாம் அதைப் பார்த்து வயிறு எரிந்துவிட்டு வருவேன். திருப்பிக் கேட்டதே இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயம். கொடுத்துவிட்டால் பிறகு நான் யாரைக் கரித்துக்கொட்டுவது?

அந்தக் கூடையின் ஜோடிக் கிண்ணம்தான் இன்று அவள் கையில். இத்தனை வருடமும் நாயாய்ப் பேயாய் அலைந்து தேடியது; இன்று இங்கே விலைக்கு வருகிறது என்று நேற்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் என் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன்.

சுருக்க விளிம்பு வைத்த கண்ணாடியை ஒற்றைக் கையில் பிடிக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வராது. அவள் போனோ கைப்பையின் அடியில், மூக்குக்கண்ணாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் கீழே கிடக்கும். அதை எடுக்கக் கிண்ணத்தை வைத்தே ஆகவேண்டும். மனசு வருமா? அடித்துத் தொலையட்டும் என்று நாலைந்து தடவையாவது விடுவாள். அந்தத் தவிப்பைக் கண்குளிரப் பார்க்கத்தான் வந்திருந்தேன். விடாமல் கூப்பிட்டு அவளைக் கீழே வைக்க வைப்பேன்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் கிண்ணம் மேசையில் இருந்தது. அவள் பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவிக்கொண்டிருந்தாள்.

என் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, போய் எடுத்துக்கொண்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"சொல்லுடி, முட்டி ரொம்ப வலிக்குதா? இரு, நான் இப்பவே கிளம்பி வரேன்."

அதே குரல் என் பைக்குள்ளிருந்தும் கேட்டது. கிண்ணம் என் கையில். சட்டப்படி இனி என்னுடையது. ஜெயித்துவிட்டேன்.

ஒரே மணி. அதற்குள் வைத்துவிட்டாளே.

அன்று என் போன் ஆறு தடவை முழுசாக அடித்து ஓய்ந்தது. கீழே வைத்தால் இவள் எடுத்துவிடுவாள் என்று கூடையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு தடவையும் கூப்பிட்டது என் கணவர். ஏழாவது தடவை நான் எடுத்தபோது, அவர் போனில் வேறு யாரோ பேசினார்கள்.