கச்சேரிக்குப் போன ஜோடி

வெளிநாடு சுற்றிப்பார்க்க வந்த இடத்திலும் பல் டாக்டரின் மனைவிக்கு வாய் ஓயவில்லை. கோட்டையைப் பார்த்தாலும் பேச்சு, கச்சேரியில் வயலின் அழுதாலும் பேச்சு. டாக்டருக்கோ, வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் பேசாதவர்களோடுதான் காலமெல்லாம் பழக்கம்.

ஒருநாள் முழங்கால் வலி என்று அவள் விடுதி அறையிலேயே படுத்துவிட்டாள். மதியக் கச்சேரிக்குத் தனியாகப் போய்த் திரும்பியவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"இன்னிக்குத்தான் நீ பேசாம பாட்டு கேட்ட. கடைசிவரைக்கும் என் கையைக்கூட விடலையே!"

"நான் எங்கேங்க வந்தேன்? இங்கதானே கிடந்தேன்!"

"போதும் உன் கிண்டல்" என்று சிரித்தார்.

மறுநாள் வலியாவது ஒன்றாவது என்று அவளும் கிளம்பினாள். "இருங்க, நானும் வரேன்" என்று குளியலறையிலிருந்து கத்தினாள்.

வெளியே அவர் குரல் கேட்டது. "மெதுவாவே போலாம். உனக்குக் கால் வலிக்குமே."

கதவு சாத்தும் சத்தம்.

அரக்கப் பரக்க ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே தெருவில் மழை. கட்டிய நாளிலிருந்து அவளுக்காக நடையைக் குறைக்காத மனிதர், அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார். குடையை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். அங்கே யாருமில்லை. அவருடைய இடது தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.