மூணாம் நம்பர் வண்டிக்குத் திருஷ்டி

“வண்டிக்குக் கண்ணு பட்டிருக்குங்க சார். ஒரு பூஜை போட்டாத்தான் சரியாகும்” என்றார் பாக்கியராஜ்.

பல்லடம் ரோட்டில் இருக்கும் அந்த நூல் குடோனின் ஹெட் மெக்கானிக் அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும், மேனேஜர் அறை வாசலில் நின்றிருந்த கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நம்பர் ஃபோர்க்லிஃப்டை ஓட்டுகிறவள் அவள்தான்.

அந்த வண்டியில் சுமையைத் தூக்குகிற சங்கிலி தேய்ந்து நீண்டுவிட்டது. என்றைக்காவது அறுந்தால், பதினைந்து அடி உயரத்திலிருந்து நூல் பெட்டிகள் கீழே நிற்பவர் தலையில் வந்து இறங்கும். புதுச் சங்கிலி ஸ்டோரில் பிரிக்காமல் கிடக்கிறது, மாட்டுவதற்கு அரை நாளும் துணைக்கு ஒரு ஆளும் கொடுங்கள் என்று பாக்கியராஜ் மூன்று தடவை எழுதிக் கேட்டுவிட்டார்.

மூன்று தடவையும் மேனேஜர் நிதீஷ் சுவரைக் காட்டினார். ‘வண்டிகள் நிற்காமல் ஓடிய நாட்கள்: 212’ என்று அங்கே ஒரு போர்டு தொங்கியது. சங்கிலி அறுந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அந்த எண் மட்டும் அறுந்துவிடக் கூடாது என்பது அவர் கட்சி.

நிதீஷ் பெங்களூரில் நிர்வாகம் படித்தவர். வந்த ஒரு வருடத்தில் அவருடைய மேஜை வாஸ்துப்படி மூன்று முறை திசை மாறியிருக்கிறது. இப்போது அவர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“எனக்கும் ஒரு வாரமா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு பாக்கியராஜ். ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க அந்த போர்டையே வெறிச்சு வெறிச்சுப் பாத்தாங்க.”

“அதேதானுங்க சார்.”

“பூஜைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“வியாழக்கிழமை எட்டு மணிக்கு உக்காந்தா, ராகுகாலத்துக்கு முன்னாடி ஒரு மணிக்கெல்லாம் முடிச்சுரலாமுங்க. அதுவரைக்கும் வண்டி அசையக் கூடாதுங்க.”

இப்போதாவது சுவரைக் காட்டுவார் என்று கயல்விழி காத்திருந்தாள். நிதீஷ் கையைக் கூப்பினார்.

“தாராளமா பண்ணுங்க. சாமிக்காக நிறுத்துறது நிறுத்தம் ஆகாது.”

வெளியே வந்ததும் கயல்விழி பிடித்துக்கொண்டாள். “ஏனுங்கண்ணா, எலுமிச்சம்பழம் அந்தச் சங்கிலியப் புடிச்சு நிறுத்துமாங்க? கீழ நின்னு பெட்டி எண்ணுறது ஷைலாக்காங்க. அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் எப்படிங்க ஊட்டுல போயி சோறு திம்பேன்?”

“பொறு அம்மணி. எல்லாம் நல்லதுக்குத்தான்.”

“இத்தனை வருசம் ஸ்பேனர் புடிச்ச கையி, இப்ப காக்கா புடிக்குதுங்களா?”

பாக்கியராஜ் ஸ்டோர் பக்கமாக நடையைக் கட்டினார். அந்த மனிதர் மேல் வைத்திருந்த மரியாதையெல்லாம் அவளுக்கு அந்த நிமிடமே போய்விட்டது. கோபத்தில் அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலை, பூசாரி சென்னகிருஷ்ணன் கணபதி ஏரியாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பளிச்சென்ற வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறையப் பட்டை. அவருடைய பூஜைச் சாமான் பையை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நிதீஷ் குனிந்து நின்றார். பூசாரி இட்ட விபூதி அவர் நெற்றியில் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியது.

“ஹோமச் சாம்பலுங்களா சாமி?”

“பல வருசமா கையில ஊறுனதுங்க” என்றார் பூசாரி.

நிதீஷுக்குப் புல்லரித்தது. வண்டியைக் கவனித்துக்கொள்கிறவர் மட்டும் கூட இருக்கவேண்டும், மற்றவர் கண்ணில் பட்டால் பலிக்காது என்று சொல்லிவிட்டு, பூசாரி பாக்கியராஜை உள்ளே அழைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

ஐந்து மணி நேரம் ஷட்டர் திறக்கவில்லை. உள்ளேயிருந்து விட்டுவிட்டு மணிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நிதீஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரக்கு ஏற்ற வந்து வரிசையில் நின்ற லாரி டிரைவர்களையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

சரியாக ஒரு மணிக்கு ஷட்டர் ஏறியது. கற்பூரப் புகைக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் மாலையுமாக மூன்றாம் நம்பர் வண்டி கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றது.

கயல்விழி வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தாள். ஷைலாவை இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சுமையைத் தூக்கினாள். பாதி உயரத்தில் வழக்கமாக வரும் குலுக்கல் வரவில்லை. பெட்டிகள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு மேலே போய் நின்றன. நம்பாமல் இறக்கி, இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

நிதீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? இதெல்லாம் சயின்ஸுக்கு அப்பாற்பட்ட விஷயம். மிச்சம் இருக்கிற அஞ்சு வண்டிக்கும் மாசம் ஒண்ணாப் பண்ணிடலாம்” என்றபடி, ஹெட் ஆபீஸுக்கு போட்டோ அனுப்ப ஓடினார்.

கயல்விழி இறங்கி, பாக்கியராஜின் முகத்தைப் பார்க்காமலே அவரைத் தாண்டி நடந்தாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பிய பூசாரி, மேனேஜர் அறைக் கதவு சாத்தியாயிற்றா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாக்கியராஜிடம் குனிந்து கேட்டார். அது கயல்விழி காதிலும் விழுந்தது.

“அடுத்த வண்டி சர்வீஸுக்கும் வேட்டியிலயேதான் வரோணுங்களாண்ணா?”