தட்டில் மிச்சம் வைத்தவள்

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்கக்கா. வயித்துக்குள்ள ஒரு ஒட்டுண்ணி மட்டும் சத்தமில்லாம இருக்கு," என்றாள் வீடு வீடாகப் பரிசோதிக்க வந்த சுகாதார ஊழியர் ஜெசிந்தா. அது யாரிடமிருந்து தொற்றியது என்பதையும் அவள் கையிலிருந்த பரிசோதனைக் கருவி காட்டிவிடும். திரையில் வந்ததைப் படித்த ஜெசிந்தா தயங்கினாள்.

"மிதுலா, எட்டு வயசுன்னு வருது. அப்போ ஸ்கூல்ல டெஸ்ட் எடுத்திருக்காங்க."

தேன்மொழி எட்டி, திரையில் மகளின் பெயரைப் பார்த்தாள். வேன் விபத்தில் மிதுலா இறந்து மூன்று வருடம். அவள் இருந்தவரை தட்டில் வைக்கும் மிச்சத்தைத் தினமும் இவள்தான் வழித்துச் சாப்பிடுவாள்.

"அவகிட்ட இருந்த அதே பூச்சியா?"

"அதோட வம்சம்தான்க்கா. மாத்திரையப் போடுங்க. நான் பாத்துட்டுத்தான் போகணும்."

தேன்மொழி விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். ஜெசிந்தா போனதும் கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டாள். மாத்திரை கரையாமல் வந்து விழுந்தது.

முகம் கழுவிக்கொண்டு, மூன்று வருடமாக அந்த வீட்டில் செய்யாத உருளைக்கிழங்கு வறுவலைச் செய்தாள். மிதுலாவுக்கு அதுதான் உயிர். தன் பசி அடங்கிய பிறகும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

"மிச்சம் வைக்காம சாப்பிடணும்," என்றாள், இடது கையால் வயிற்றைத் தடவியபடி.