பிரஷர் மெஷினில் கோளாறு

"இந்த மெஷின்ல கோளாறு இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எனக்கு அது போதும்."

பிரஷர் பார்க்கும் மெஷினை டப்பாவோடு கண்ணாடி மேஜை மீது வைத்துவிட்டு நின்றார் கிரேன் டிரைவர். மருந்துக்கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்துக்கு முன்பு அவளே எடுத்துக் கொடுத்த மெஷின். தன் கடைப் பொருளைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"மூணு மாசம் கழிச்சு வந்து மாத்திக் கேட்டா நான் எங்கேண்ணே போவேன்?"

"மாத்தித் தர வேண்டாம்மா. கோளாறுன்னு உங்க வாயால சொல்லுங்க. நானே குப்பையில போட்டுடறேன். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இது என்ன புதுவிதமான வம்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. மனிதர் முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவராகவும் தெரியவில்லை. சட்டை கசங்கியிருந்தது. நடுப் பொத்தான் போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார்.

"முதல்ல உக்காருங்க. படபடப்போட பார்த்தா எந்த மெஷினும் ஏத்தித்தான் காட்டும். முதுகைச் சாய்ச்சு, ரெண்டு காலையும் தரையில வைங்க. அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கே எடுத்துட்டு வந்து உங்ககிட்ட காட்டியிருக்கணும். பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா."

"பேசாதீங்கண்ணே. பேசினா பத்து ஏறிடும்."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கடையிலிருந்த பாதரச மெஷினில் முதலில் பார்த்தாள். பிறகு அவருடைய மெஷினில். கடை மெஷினில் நூற்று இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு. இதில் நூற்று இருபத்துநாலுக்கு எழுபத்தெட்டு.

"பார்த்தீங்களா? அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகுது! இதைப் போய்க் கோளாறுங்கறீங்களே."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதன்முதலில் இந்தக் கடையில் பார்த்தபோது நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. குறைக்காவிட்டால் கிரேனில் ஏறவே விடமாட்டோம் என்று துறைமுகத்து டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்த சமயம் அது.

"நூத்திருபதுக்கு எண்பதுதான் நல்ல அளவுண்ணே. நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறைத் தொட்டா அதிகம்னு அர்த்தம். நீங்க நல்லாவே இறங்கிட்டீங்க. மாத்திரை தவறாம போடறீங்களா?"

"போடறேன்."

"உப்பு?"

"சமையல்ல சேர்க்கறதே இல்லை. சேர்த்தாலும் ருசி தெரியறதில்லை."

"நடக்கறீங்களா?"

"காலையிலயும் நடக்கறேன், சாயங்காலமும் நடக்கறேன். வீட்டுக்குள்ள உக்கார முடியலை."

"சிகரெட்?"

"விட்டு ஒன்றரை மாசமாச்சு."

"உங்களை மாதிரி நாலு பேர் கிளம்பினா நான் கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்!" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல கணக்கைக் கேட்டும் முகம் மலராத மனிதரை அவள் இந்தக் கடையில் பார்த்ததில்லை.

"பழசெல்லாம் இதுல பதிஞ்சிருக்குமாமே? கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்கம்மா" என்றார்.

பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். இன்றைய எண்ணுக்கும் பழைய நூற்று ஐம்பது, நூற்று நாற்பத்தெட்டுகளுக்கும் நடுவே ஒன்று துள்ளி நின்றது. இருநூற்று ஆறுக்கு நூற்று இருபத்துநாலு. சரியாக ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே இது! அன்னைக்குத் தலைவலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. பின்மண்டையில. வெயிலுன்னு விட்டுட்டோம்."

"கைகால் மரத்துச்சா?"

"இடது கை விரல் மட்டும். துணி துவைச்ச அலுப்புன்னு…"

"நல்லா விட்டீங்க! மேல நூத்தி எண்பது, கீழ நூத்திருபதைத் தாண்டி, தலையும் வலிச்சு, கையும் மரத்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்கறதுக்கு இது என்ன ஜலதோஷமா? ஏதோ உங்க நல்ல நேரம், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

கோபத்தில் அதிகமாகவே கத்திவிட்டாள். அவர் தலை இன்னும் கீழே இறங்கியது. கசங்கிய சட்டையின் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த இருநூத்தி ஆறு பொய்யா இருக்க வழியே இல்லையாம்மா?"

"இல்லவே இல்லை. இப்பத்தானே ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்? அரிச்சந்திரன் வீட்டு மெஷின் இது. காட்டினா உண்மையாத்தான் காட்டும்."

அடித்துச் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"அது என் கை இல்லம்மா. 'மெஷின் மேல சந்தேகம் வந்தா வீட்டுல நோய்நொடி இல்லாதவங்க கையில மாட்டிப் பாருங்க, தாறுமாறாக் காட்டினா அது கோளாறு'ன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? ஒரு நாள்கூட உடம்புக்கு முடியலைன்னு படுக்காதவளாச்சேன்னு என் சம்சாரத்தோட கையில மாட்டினேன். எண்ணைப் பார்த்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சு, மெஷினை டப்பாவுல போட்டு மூடினோம்; மறுநாள் காலையில அடுப்படியில விழுந்தவ எழுந்திரிக்கவே இல்லைம்மா."

இவ்வளவு நேரமும் அந்த மெஷினுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடிய கடைக்காரம்மா, அதில் ஏதாவது ஒரு கோளாறு அகப்படாதா என்று அதை எடுத்துத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டாள்.