குண்டனும் கூலிங் காயிலும்

டேய், குண்டா இருக்குற யாரப் பாத்தாலும் சிரிக்கிற பசங்களா, நல்லா சிரிச்சுக்கங்க. இந்தக் கதைல முதல் பாதி உங்களுக்குத்தான்.

ஒரு ஷெட்டுல ஒருத்தர் சொந்தமா குட்டி விமானம் கட்டிட்டு இருந்தாரு. அதோட ரோட்டரி இன்ஜினுக்குச் சூடுன்னா ஆகவே ஆகாது. அவனைக் குளிர வைக்க ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒருத்தன் பழைய வேன்ல இருந்த பித்தளை ரேடியேட்டர், நல்ல குண்டு. இன்னொருத்தன் கார் ஏசில கழட்டின கூலிங் காயில், தக்கை மாதிரி இருந்தான்.

"டேய் குண்டா, நீ ஏறுனா நான் எங்க பறக்குறது? உருளத்தான் முடியும்"னு இன்ஜின் சிரிச்சான். ஸ்பேனர்லேர்ந்து ஆணி வரைக்கும் ஷெட்டே சிரிச்சுது.

காயிலையே மாட்டுனாரு. ரேடியேட்டர மூலைல தள்ளுனாரு. இன்ஜின ஓட்டிப் பாத்தப்ப, காயிலோட முதுகுல வெல்டிங் ஓரமா பச்சையா ஒரு சொட்டு கூலன்ட், அதான் குளிர வைக்கிற தண்ணி, கசிஞ்சுது. அது மூலைலேர்ந்து மட்டும்தான் தெரிஞ்சுது.

"ஏதாச்சும் கோளாறுன்னா இப்பவே சொல்லுங்கப்பா, ஸ்டார்ட் ஆகாம அடம் புடிச்சிருவேன்"னான் இன்ஜின்.

ரேடியேட்டர் வாயத் தொறக்கல.

விமானம் பனங்காட்டுக்கு மேல போனதும் கூலன்ட் மொத்தமும் கொட்டிருச்சு. விழுந்து நொறுங்குனத சாயங்காலம் டிராக்டர்ல அள்ளிட்டு வந்தாங்க. இன்ஜின் கருகி இறுகிப் போயிருந்தான். அதக் கட்டி ஓட்டுனவரு திரும்பி வரல.

நசுங்கிக் கெடந்த காயில் கேட்டான்: "அண்ணே, என் முதுகு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சீங்கல்ல, அதான் சொல்லல"ன்னான் ரேடியேட்டர்.